அறுந்த கம்பி சொன்ன சேதி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இப்பழமொழியை நாங்கள் கட்டுரை ஏட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அதற்கு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுப் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், முழங்கை வரை கிரீஸ் படிந்த கைகளோடு உட்கார்ந்திருந்தபோதுதான். அக்காவும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்தே அதைக் கற்றோம். ஆகவே இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். அப்போது எங்களில் மூத்தவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். இளையவள் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள்.

அந்தக் கொட்டகையில் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது எங்கள் அப்பாருவின் புல்லட் வண்டி. அப்பாரு அதை 1974ஆம் ஆண்டு வாங்கினார். இராயல் என்ஃபீல்டு என்பது முதலில் இங்கிலாந்து நாட்டு ரெட்டிச் நகரத்து நிறுவனம். அது தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901இல் செய்தது. 'புல்லட்' என்ற பெயரை 1932இல் சூட்டியது. நம் நாட்டு இராணுவம் எல்லைக் காவலுக்கென்று 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கத் தொடங்கியது. பிறகு 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு கூட்டாக என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, சென்னைத் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது; திருவொற்றியூரிலோ வேலை நிற்கவே இல்லை. அப்படி வந்த வண்டிதான் எங்களுடையது. அப்பாரு அதன் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு நொய்யல் கரையிலிருந்த சலவைப் பட்டறைகளுக்குப் போய் வருவாராம். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அப்பத்தா உலை வைத்துவிடுவாராம்.

அப்பாருவுக்குப் பின் அதை அப்பாவும் சித்தப்பாவும் ஓட்டினார்கள். 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில், பல்லடம் சாலையில் சித்தப்பா வந்துகொண்டிருந்தார். முன்னால் சென்ற லாரி திடீரென்று நின்றது. சித்தப்பாவின் வண்டி நிற்கவில்லை. லாரியின் பின்புறத்தில் மோதி விழுந்தார். வலது முழங்கால் உடைந்தது. இரண்டு முறை அறுவை செய்தும் அந்தக் கால் முன்போல் மடங்கவில்லை.

சித்தப்பா அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அது நாள் முழுவதும் நின்றே செய்யவேண்டிய வேலை. அந்த வேலை போயிற்று. இப்போது வேறொரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறார். அவர் மாலை நேரங்களில் ஆடிய கைப்பந்தாட்டமும் அத்தோடு முடிந்தது. ஆனால் இவற்றையெல்லாம்விட அவரைச் சுட்டது ஊர்ப் பேச்சு. மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக்கு புடிக்கலீங்கண்ணா" என்பதுதானாம். யார் நம்பினார்கள்? வேகமாக ஓட்டி விழுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் சாக்குத்தானே அது என்றார்கள். பெண் பார்க்கப் போன இடங்களிலும், "கண்மண் தெரியாம ஓட்டிக் காலை ஒடிச்சுக்கிட்டவராமே?" என்ற கேள்வி முன்னே போய் நின்றது. சிறு பிள்ளைகளாகிய நாங்களும், "சித்தப்பா ரொம்ப வேகமா ஓட்டுவாரு" என்று பள்ளித் தோழிகளிடம் சொல்லியிருக்கிறோம். வெட்கத்தோடு இதை எழுதுகிறோம். சில நாள் வரையில் மறுத்துப் பேசிய சித்தப்பா, பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தாலும் கொட்டகைப் பக்கம் மட்டும் போகமாட்டார்.

சென்ற கோடையில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். "ரத்தம் பாத்த வண்டி வீட்டுக்கு ஆகாதுங்க. கொட்டகைய ஒழிச்சுக் குடுத்தா இன்னும் ரெண்டு பவர் மிஷின் போடலாம்" என்றார். எங்கள் அம்மா வீட்டிலேயே நான்கு தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய இரும்புக்காரரும் வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, எடைக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிட்டுப் போனார். அப்பாருவின் வண்டியைக் கிலோக் கணக்கில் விலை பேசியது எங்களுக்குப் பொறுக்கவில்லை. "இந்த லீவு முடியற வரைக்கும் டயம் குடுங்கப்பா, நாங்க கழட்டிப் பூட்டிப் பாக்கறோம்" என்று கேட்டோம். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

எங்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு நாங்கள் கோவைக்குப் போய் ஜி. டி. நாயுடு அவர்களின் நினைவுக் கண்காட்சியைப் பார்த்து வந்திருந்தோம். 1893இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாதவர். ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதைப் பாகம் பாகமாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தே அதன் சூட்சுமத்தை அறிந்துகொண்டார். பின்னர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து விட்டதும், 1937இல் நம் நாட்டிலேயே மின் மோட்டார் செய்யக் காரணமாயிருந்ததும் அந்தக் கழற்றிப் பூட்டிய கைகளே. அவர் மண்ணில் பிறந்த நாங்கள் ஸ்பேனரைத் தொடப் பயப்படலாமா?

எங்கள் அப்பா நிட்டிங் மிஷின் ஃபிட்டர். வட்டமாகச் சுழலும் அந்த இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் இருக்கும். ஒன்று பழுதானாலும் துணியின் நீளத்துக்கும் கோடு விழும். ஆகவே அப்பாவுக்குச் சிறு பழுதைக் கண்டுபிடிப்பது கைவந்த கலை. அவர் எங்களுக்கு மூன்று கட்டளைகள் இட்டார். கழற்றுவதற்கு முன் படம் வரைய வேண்டும். கழற்றிய ஆணியை அதனதன் இடத்தின் பேரோடு எடுத்து வைக்க வேண்டும். இறுகிய ஆணியோடு மல்லுக்கட்டக் கூடாது. எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். நாங்கள் அட்டைப் பெட்டிகளில் அறை பிரித்து, அம்மாவிடம் மிச்சமிருந்த சைஸ் லேபிள்களை ஒட்டினோம். எஸ் என்றால் முன் சக்கரம், எம் என்றால் ஹேண்டில் பார், எல் என்றால் எஞ்சின், எக்ஸ்எல் என்றால் பின் சக்கரம்! துடைக்கத் துணிக்குப் பஞ்சமா? நாடெங்கும் உள்ள ஒர்க்ஷாப்புகளில் கிரீஸ் துடைக்கும் பனியன் வேஸ்ட் நம் திருப்பூரிலிருந்து போவதுதானே!

சேதம் முழுவதும் வண்டியின் முன்பாதியில்தான். முன் மட்கார்டு அப்பளமாய் நொறுங்கியிருந்தது. ரிம் முட்டை வடிவமாகியிருந்தது. விளக்கும் ஆம்ப் மீட்டரும் பதிந்திருக்கும் தலைக்கூடு உள்வாங்கிக் கிடந்தது. டேங்கின் வலப்புறம் சித்தப்பாவின் முழங்கால் மோதிய இடம் குழிந்திருந்தது. அந்தக் குழியை முதலில் கண்டபோது எங்களில் இளையவள் கையை இழுத்துக்கொண்டாள்.

முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம் கோணியிருக்கிறதா என்பது. அது கோணியிருந்தால் மற்ற வேலையெல்லாம் வீண். அப்பா ஒரு கோன் நூலைக் கொண்டுவந்தார். பின் சக்கரத்தின் இரு பக்கமும் தொட்டபடி நூலை முன்பக்கம் வரை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இரண்டு நூலுக்கும் நடுவில் தலைக்குழாய் சரியாக நின்றது. பனியன் பின்னும் நூல் எங்கள் வண்டியின் முதுகெலும்பு நேராக இருப்பதைச் சொல்லிவிட்டது. பிறகு முன் ஃபோர்க் குழாய்களைக் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டினோம். நேரான குழாய் அமைதியாக உருளும். வளைந்தது தத்தித் தத்தி உருளும். இரண்டுமே தத்தின. "இத நிமித்திப் போடறது தப்பு. ஒருக்கா வளஞ்ச இரும்பு அதே எடத்துல மறுக்காவும் வளையும்" என்று சொல்லி, அப்பா அவற்றைத் தள்ளிவைத்தார்.

இரண்டாவது வாரம், ஹேண்டில் பாரைப் பிரித்தோம். முன் பிரேக் கேபிள் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருந்தது. மோதலில் அறுந்திருக்கும் என்று எண்ணி அதைப் பெட்டியில் போடப் போனோம். "இங்க கொண்டா கண்ணு" என்றார் அப்பா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கேபிளு ஒரே அடியில அறுந்தா எல்லாப் புரியும் ஒரே எடத்துல அறுபட்டிருக்கும். இதப் பாருங்க" என்றார். நாங்கள் பார்த்தோம். மெல்லிய புரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் அறுந்து, பழைய துடைப்பம் போல் விரிந்திருந்தன. பல புரிகளின் முனை தேய்ந்து, பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புரியாக அறுந்துவந்த கேபிள் அது. கடைசியில் மிஞ்சியிருந்த சில புரிகள், அன்று மாலை சித்தப்பா இழுத்துப் பிடித்தபோது ஒன்றாக விட்டுப்போயின.

வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாயும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கியிருக்கிறார். ஆகவே நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே. நனைந்த சாலையில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் வழுக்குமே தவிர வண்டி நிற்காது. அப்படியானால் சித்தப்பா மருத்துவமனையில் சொன்னது சாக்கு அல்ல, உண்மை!

நாங்கள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பேசினார். எங்கள் அப்பா அழுது நாங்கள் பார்த்ததில்லை. அன்றும் அவர் அழவில்லை. ஆனால் அந்தக் குரலை நாங்கள் முன்பு கேட்டதில்லை. "அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தம்பி எங்கிட்டச் சொன்னான். முன் பிரேக்கு தொளதொளன்னு இருக்குது, பாருங்கண்ணான்னு. எனக்கு ஷிப்மெண்ட் வேலை. நட்டை மட்டும் திருகி டைட் பண்ணிட்டு, கேபிளப் பெறகு மாத்திக்கலாமுன்னு உட்டுட்டேன். அன்னிக்கு ஒரு புதுக் கேபிளு, ஒரு பனியன் வெலைதான் இருக்கும்."

கொட்டகையில் வெகு நேரம் யாரும் பேசவில்லை. எட்டு ஆண்டுகளாக அப்பாவுக்கு அந்த ஐயம் இருந்திருக்கிறது. தார்ப்பாயை எடுத்துப் பார்க்கத்தான் அவருக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் வண்டியைப் பழுதும் பார்க்கவில்லை. விற்கவும் மனம் வரவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பியை ஊரார் பேசியபோதெல்லாம் அவர் மௌனமாக இருந்ததன் காரணமும் விளங்கியது. அப்பாவின் மேல் எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் நாங்கள் ஏதும் கேட்கும் முன்பே அவர் எழுந்து, கையைக் கழுவி, அந்தக் கேபிளை ஒரு பனியன் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் புறப்பட்டார். நாங்களும் உடன் போனோம்.

சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவர் கையில் கேபிளைக் கொடுத்து, "நீ சொன்னது நெசந்தான் தம்பி. தப்பு எம்மேல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். ஏதாவது கோபமாகச் சொல்வார் என்று அஞ்சினோம். "நானும் அன்னிக்குக் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேனுங்கண்ணா. பிரேக்கு செரியில்லீன்னு தெரிஞ்சே வண்டிய எடுத்தனே, அது என்ர தப்பு" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "ஆனா நான் பொய் சொல்லுல" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். அன்று இரவே அப்பா, அப்பத்தாவிடமும் அத்தைமாரிடமும் போய் நடந்ததைத் தம் வாயாலேயே சொன்னார். சிலர், "போனது போகட்டும், இப்ப எதுக்கு?" என்றார்கள். அப்பா விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகை வாசலில் ஊன்றுகோலின் ஓசை கேட்டது. சித்தப்பா வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அந்த வீலை இங்க எடுங்க அம்முணி" என்றார். எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது!

அன்றிலிருந்து அவரே எங்கள் ஆசான். புது ரிம்மில் 40 ஸ்போக்ஸ்களைக் கோத்துக் கோட்டம் எடுக்கக் கற்றுத் தந்தார். சக்கரத்தைச் சுற்றவிட்டு, பக்கத்தில் சாக்குக்கட்டியைப் பிடிக்க வேண்டும்; சாக்கு எங்கே உரசுகிறதோ அங்கேதான் கோட்டம். ஒரு பக்க ஸ்போக்கைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று இறுக்க வேண்டும். பொறுமையில்லாமல் ஒன்றை மட்டும் முறுக்கினால் சக்கரம் இன்னும் கெடும். எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, ஆகவே ஊதக்கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கற்றோம். எஞ்சினைப் பார்க்க நாங்கள் அவசரப்பட்டபோது, "ஓடாத வண்டி ஆரையும் கொல்லாது, நிக்காத வண்டிதான் கொல்லும். மொதல்ல பிரேக்கு" என்றார்.

வேண்டிய பழைய சாமான்களைத் தேடி அப்பாவோடு கோவை உக்கடத்துக் கடைகளுக்கு இரண்டு முறை போனோம். தலைக்கூடு ஒன்று கிடைத்தது. ஃபோர்க் குழாய்களும் லைனிங்கும் கேபிள்களும் மட்டும் புதியனவே வாங்க வேண்டும் என்று அப்பா உறுதியாக இருந்தார். டேங்குக்குள் பழைய பெட்ரோல் வார்னிஷ் போலப் பிசினாகி, அடியில் துரு ஏறியிருந்தது. வினிகர் ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளையும் போட்டுக் குலுக்கினோம். அடுத்த நாளும் குலுக்கினோம். செம்மண் குழம்பாக வெளியே வந்தது. பிறகு சோடா மாவு கரைத்த நீரால் அலசி, வெயிலில் நன்றாக உலர்த்தினோம்.

எஞ்சினில் பிஸ்டன் ஜாமாகியிருந்தது. புல்லட்டின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம். 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். உருளையின் கன அளவுச் சூத்திரத்தை எங்களில் மூத்தவள் இனி மறக்கமாட்டாள்! பிளக் துளை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஐந்து நாள் விட்டோம். ஆறாம் நாள், கியர் போட்டுப் பின் சக்கரத்தை மெல்ல அசைத்தபோது, உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டதுபோல் பிஸ்டன் இளகியது. பிறகு ஹெட்டைக் கழற்றிப் பார்த்துப் புது ரிங் போட்டோம்.

இதற்கிடையே அம்மா கொட்டகைப் பக்கமே வராதிருந்தார். ஒரு நாள் நள்ளிரவில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தோம். அம்மா பனியன் துணிக்குப் போடும் 11ஆம் எண் ஊசியை எடுத்துவிட்டு, 18ஆம் எண் ஊசி போட்டு, கறுப்பு ரெக்சினில் வண்டிக்கு சீட் உறை தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "போய்ப் படுங்க, என்ன வேடிக்கை?" என்று அதட்டினார். அவர் மனம் மாறியதற்கு அதைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

வண்டிக்கு 1974 முதல் கணக்கிட்டால் 50 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. 2021இல் வந்த மத்திய அரசு விதியின்படி 50 ஆண்டுகள் கடந்து, பழைய உருவம் மாறாத வண்டியைப் பழங்கால வண்டியாகப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. ஆகவே அப்பா சாதாரணப் பதிவையே புதுப்பிக்க முடிவு செய்தார். சொந்த வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பதிவு காலாவதியாகியிருந்ததால் தாமதக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது.

சோதனைக்குக் கொண்டுபோவதற்கு முன் வண்டி ஓட வேண்டுமே! ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அந்த நாள் வந்தது. பழைய புல்லட்டில் கிக்கரும் கியரும் வலப்பக்கம். சித்தப்பாவின் வலக்கால் கிக்கரை உதைக்க உதவாது. எங்களில் மூத்தவளை அழைத்து அவர் முறையைச் சொல்லிக்கொடுத்தார். கிக்கரை மெல்ல அழுத்தி, கல்போல் இறுகும் இடத்தைக் காண வேண்டும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வரும் வரை ஒரு மயிரிழை தள்ள வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு மூச்சோடு உதைக்க வேண்டும். முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். பத்து உதை, பதினைந்து உதை, ஒன்றும் நடக்கவில்லை. அப்பா பாயிண்ட்டைச் சுத்தம் செய்து, அதன் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் திருத்தி வைத்தார். மறுபடியும் உதைத்தாள். புகைக்குழாய் ஒரு முறை கனைத்தது. அடுத்த உதையில், டப்... டப்... டப் என்று அப்பாருவின் வண்டி பேசத் தொடங்கியது. சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்த அப்பத்தா, வாசலிலேயே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதிவு புதுப்பித்து வந்த பிறகு, ஒரு ஞாயிறு மாலை அப்பா சித்தப்பாவிடம் தலைக்கவசத்தை நீட்டினார். சித்தப்பா உடனே ஏறவில்லை. முன் பிரேக் லீவரை நான்கு முறை பிடித்துப் பார்த்தார். கேபிள் நுழையும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். எங்களில் மூத்தவள் பக்கத்தில் நின்று கிக்கரை உதைத்தாள். தெருக்கோடி வேப்பமரம் வரை மெதுவாகப் போய், அங்கே நின்று, திரும்பி வந்தார். மொத்தம் அரைக் கிலோமீட்டர்கூட இராது. இறங்கியதும் அவர் சொன்னது, "நல்லா நிக்குது" என்பதுதான். "நல்லா ஓடுது" என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தோம். கியர் வண்டி ஓட்ட எங்கள் இருவருக்கும் இன்னும் 18 வயது ஆகவில்லை. ஆகவே தலைக்கவசம் அணிந்து அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போவதே இப்போதைக்கு எங்கள் பங்கு.

டேங்கில் இருந்த குழியை டிங்கர் வேலை செய்து மறைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சித்தப்பா வேண்டாம் என்றார். துரு பிடிக்காதபடி அதன்மேல் வண்ணம் மட்டும் பூசினோம். அறுந்த கேபிளை அப்பா தம் ஸ்பேனர் பெட்டியின் மூடிக்கு உட்புறம் கட்டி வைத்திருக்கிறார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். வேலை எவ்வளவு இருந்தாலும், ஞாயிறுதோறும் வீட்டிலுள்ள எல்லா வண்டிகளின் பிரேக்கையும் பார்த்த பிறகே அவருக்குக் காலை உணவு. வண்டியைச் சரிசெய்துவிட்டோம். சித்தப்பாவின் முழங்காலைச் சரிசெய்ய எங்களால் முடியவில்லை. அந்த எட்டு ஆண்டுகளையும் திருப்பித் தர முடியவில்லை. அவர் பெயரின் மேலிருந்த பழி மட்டும் நீங்கியது.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு சைக்கிளோ, ஸ்கூட்டரோ, அப்பாவின் மோட்டார் சைக்கிளோ நிற்கும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அதன் பிரேக் கேபிளைக் கைப்பிடி அருகே குனிந்து பாருங்கள். ஒரு புரி விட்டிருந்தாலும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். விழுந்து கிடப்பவர் யாராவது, "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொன்னால், சிரிப்பதற்கு முன் ஒரு முறை வண்டியைக் கழற்றிப் பாருங்கள்.

— சகோதரியர் இருவர்
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு, எட்டாம் வகுப்பு 'அ' பிரிவு